வீட்டுக்கு விலை சொல்பவருக்கு யார் லைசென்ஸ் கொடுத்தது?

என் அத்தை மகன் திருவாலங்காடு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கப் பேசி முடித்தார். விலை 24 லட்சம். அட்வான்ஸ் கொடுத்தாச்சு. மூலப் பத்திரம், பட்டா, ஈசி எல்லாம் சரியாக இருந்தது. பேங்க் வக்கீல் லீகல் ஒப்பினியனும் கொடுத்துவிட்டார். கடைசியாக ஒருநாள் பேங்க்கிலிருந்து "வேல்யூவர் வருவாரு, வீட்ல இருங்க" என்று போன்.

வந்தவர் இருபது நிமிஷம் இருந்தார். டேப் பிடித்தார், நாலு மூலையிலும் நின்று போட்டோ எடுத்தார், தெருவின் அகலத்தைக் கேட்டார், பக்கத்து வீடு என்ன விலைக்குப் போச்சு என்று விசாரித்தார். "எவ்ளோ சார் போடுவீங்க?" என்று கேட்டதற்கு, "ரிப்போர்ட் பேங்க்குக்குத்தான் சார் போகும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது, அவர் போட்ட மதிப்பு 21 லட்சம்.

இதில் என்ன ஆச்சு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, வீட்டின் மதிப்பில் 90 சதவீதம் வரைதான் கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. 24 லட்சத்துக்கு 90 சதவீதம் என்றால் 21 லட்சத்து 60 ஆயிரம். 21 லட்சத்துக்கு என்றால் 18 லட்சத்து 90 ஆயிரம். நடுவில் 2 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய். அத்தையின் நகைதான் அந்த இடைவெளியை அடைத்தது.

அன்றைக்கு ராத்திரி அவர் என்னிடம் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "அந்த மனுஷன் தப்பாப் போட்டாருன்னு நான் சொல்லல. ஆனா அவரு யாரு? வீட்டுக்கு வெல சொல்ல அவருக்கு யாரு லைசென்ஸ் கொடுத்தா? நாளைக்கு அந்த நம்பர் தப்புன்னா யாரு பொறுப்பு?"

சுலபமான கேள்வி என்று நினைத்துத்தான் தேட ஆரம்பித்தேன். அப்படி இல்லை.

எழுபது பேரின் சொல்

திருவாலங்காட்டுக்காரர்களுக்குப் பழையனூர் நீலி கதையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாக. ஒரு வணிகனைப் பழி தீர்க்க வந்த பேய், கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் புருஷன், என்னை விட்டு ஓடுகிறார்" என்று ஊர்ச் சபையில் முறையிடுகிறது. அவனோ, "இவள் என் மனைவியே இல்லை, என்னைக் கொன்றுவிடுவாள்" என்று கெஞ்சுகிறான். பழையனூர் வேளாளர் எழுபது பேர் விசாரித்து, "நீ பயப்படாமல் அவளோடு இரு, உன் உயிருக்கு எங்கள் உயிர் ஈடு" என்று சொல்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீப்பாய்கிறார்கள்.

கதை நடந்ததா இல்லையா என்பது வேறு விஷயம். சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இதன் குறிப்பு வந்துவிடுகிறது என்பதால் பழைய கதைதான். எனக்கு இதில் பிடித்தது, எழுபது பேர் ஒரு மதிப்பீடு செய்கிறார்கள் என்பது. கண் முன்னால் இருப்பதைப் பார்த்து, ஒரு முடிவைச் சொல்லி, அதற்கு ஜாமீன் நிற்கிறார்கள். தவறு நேர்ந்தபோது யாரை நம்பிச் சொன்னார்களோ அவனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறார்கள். யாருக்குச் சொன்னோம், தப்பினால் என்ன ஆகும் என்ற இரண்டும் அந்தக் கதையில் தெளிவாக இருக்கிறது.

அதே பழையனூர்தான் வரலாற்றில் இன்னொரு ஆவணத்திலும் வருகிறது. 1905-ல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள், முதலாம் இராசேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்கின்றன. ஊரின் எல்லையை வரையறுக்க ஒரு பெண் யானையை எல்லை சுற்றி நடத்தி, அது போன வழியில் கல்லும் கள்ளியும் நட்டார்கள். பிடி சூழ்தல் என்று பெயர். ஊர் கொடுக்க வேண்டிய வரி நெல்லாகவும் பொன்னாகவும் எழுதப்பட்டது. அந்தக் காலச் செப்பேடுகளில் புரவுவரித் திணைக்களம், வரிப்பொத்தகம், முகவெட்டி, வரியிலீடு, பட்டோலை என்று அதிகாரிகளின் வரிசை நீண்டுகொண்டே போகும். நிலத்தைப் பற்றி ஒரு எண் எழுத வேண்டுமென்றால் அத்தனை பேர் பெயர் போட்டுப் பொறுப்பேற்க வேண்டியிருந்தது.

ஆனால் அந்த எண் யாருக்காக? அரசுக்கும் கோயிலுக்கும் என்ன வர வேண்டும் என்பதற்காக. இந்த விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் வருஷம் தாண்டி 20-ஆம் நூற்றாண்டுக்கு வந்தாலும் அரசு மதிப்பீட்டாளரைத் தேடியது இதே காரணத்துக்காகத்தான்.

வரிக்காகப் பிறந்த தொழில்

சுதந்திர இந்தியாவில் சொத்து மதிப்பீட்டாளர் என்ற ஆளைச் சட்டம் முதலில் கூப்பிட்டது சாவு வீட்டுக்கு. 1953-ன் எஸ்டேட் டியூட்டி சட்டம், ஒருவர் இறந்தால் அவர் விட்டுப்போன சொத்தின் மீது வரி போட்டது. சொத்துக்கு விலை போட வேண்டுமே? அதற்காக மத்திய அரசே தகுதியுள்ள மதிப்பீட்டாளர்களை நியமிக்கலாம், அவர்களுக்கான கட்டணத்தையும் நிர்ணயிக்கலாம் என்று சட்டத்திலேயே எழுதினார்கள்.

அடுத்தது சொத்து வரி. கேம்பிரிட்ஜ் பொருளாதார நிபுணர் நிக்கோலஸ் கால்டார் 1956-ல் கொடுத்த அறிக்கையின் அடிப்படையில், நம்ம ஊர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்து 1957-ல் கொண்டுவந்தது. இதில் உயிரோடு இருக்கிறவர்களின் சொத்துக்கும் வருஷா வருஷம் மதிப்புப் போட்டாக வேண்டும். வரி கட்டுபவர் ஒரு மதிப்பைச் சொல்வார், அதிகாரி இன்னொன்றைச் சொல்வார். வழக்குகள் குவிந்தன. பத்திரத்தில் பாதி, கையில் மீதி என்ற கறுப்புப் பண வழக்கம் இன்னொரு பக்கம்.

இதற்கெல்லாம் பதிலாக வந்தது 1972-ன் வரிச் சட்டத் திருத்தம். பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டினால் அந்தச் சொத்தை அரசே எடுத்துக்கொள்ளலாம் என்ற கடுமையான அதிகாரம் அதில் வந்தது. கூடவே, அதிகம் பேசப்படாத ஒரு பிரிவும் வந்தது. சொத்து வரிச் சட்டத்தின் 34ஏபி. "பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்" என்ற பட்டத்துக்கு இதுதான் பிறப்புச் சான்றிதழ். இன்றைக்கும் பேங்க் ரிப்போர்ட்டுகளின் அடியில் இருக்கும் ரப்பர் ஸ்டாம்பில் "34ஏபி" என்று பார்க்கலாம்.

அந்தப் பதிவுக்கு என்ன தகுதி? சொத்து வரி விதிகளில் 8ஏ அதைச் சொல்கிறது. கட்டடத்துக்கு விலை போட வேண்டுமென்றால் சிவில் இன்ஜினியரிங், கட்டடக்கலை, நகரமைப்பு இவற்றில் ஒன்றில் பட்டம் வேண்டும். அதோடு பல வருஷத் தொழில் அனுபவம், அதை நிரூபிக்க வருமானக் கணக்கு. விவசாய நிலத்துக்குத் தனி வகை. அங்கே விவசாயப் பட்டதாரி வரலாம், ஓய்வு பெற்ற கலெக்டர், செட்டில்மென்ட் ஆபீசர், பத்திரப் பதிவாளர்கூட வரலாம். தோட்டம், காடு, சுரங்கம், இயந்திரம், நகை, ஓவியம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தனி வகை.

இந்தப் பட்டியலில் "குடியிருப்பு வீடு" என்று ஒரு வகை இல்லை. வீடு, ஆபீஸ், குடோன் எல்லாம் ஒரே குடையின் கீழ். ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் வீடு என்பது வரி போடக்கூடிய சொத்தில் ஒரு வகை, அவ்வளவுதான்.

கட்டணத்தைப் பாருங்கள். முதல் 5 லட்சத்துக்கு அரை சதவீதம், அடுத்த 10 லட்சத்துக்கு ஐந்தில் ஒரு சதவீதம், அடுத்த 40 லட்சத்துக்கு பத்தில் ஒரு சதவீதம் என்று உச்சவரம்பு. 20 லட்ச ரூபாய் வீட்டுக்கு 2,500, 2,000, 500, ஆக மொத்தம் 5,000 ரூபாய் வரை வாங்கலாம். மதிப்பு ஏறினால் கட்டணமும் ஏறும் அமைப்பு இது. வரி கட்டுபவர் குறைந்த மதிப்பை விரும்புவார் என்பதால் அன்று இது பெரிதாகத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் கடனுக்கு விலை போடும்போது இதே அமைப்பு இருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. 1972-ல் மதிப்பீட்டாளரை உருவாக்கிய அதே சட்டத்தின் கீழ், 1979-ல் குடியிருப்பு வீடுகளுக்கு மட்டும் ஒரு சூத்திரம் வந்தது. பின்னாளில் 1989-ல் அது சட்டத்தின் அட்டவணைக்குள்ளேயே போனது. வீட்டின் நிகர வாடகையை எடு, பன்னிரண்டரையால் பெருக்கு. மாதம் 1,000 ரூபாய் நிகர வாடகை என்றால் வருஷத்துக்கு 12,000, வீட்டின் மதிப்பு ஒன்றரை லட்சம். மார்க்கெட்டில் அது எவ்வளவு போகும் என்ற கேள்வியே கிடையாது. ஆக, பட்டம் படித்து, அனுபவம் காட்டி, பதிவு வாங்கிய ஆளுக்கு, சாதாரண வீட்டு விஷயத்தில் வரி ஆபீசில் பெரிய வேலை இல்லாமல் போனது.

ஒரே மண்ணுக்கு நாலு விலை

இதற்கிடையில் மாநிலம் தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. முத்திரைத் தீர்வையில் ஏமாற்று நடக்கிறது என்று 1967-ல் மெட்ராஸ் சட்டமன்றம் முத்திரைச் சட்டத்தில் 47ஏ பிரிவைச் சேர்த்தது. பத்திரத்தில் காட்டிய விலை குறைவு என்று பதிவாளருக்குத் தோன்றினால் கலெக்டருக்கு அனுப்பலாம். எது குறைவு என்று தெரிய ஒரு அளவுகோல் வேண்டும். அப்படி வளர்ந்ததுதான் நமக்கெல்லாம் தெரிந்த கைட்லைன் வேல்யூ, அதாவது வழிகாட்டி மதிப்பு. தெரு வாரியாக, சர்வே எண் வாரியாக அரசே போடுகிற விலை. 2017 ஜூனில் ஒரே உத்தரவில் தமிழ்நாடு முழுக்க இது 33 சதவீதம் இறங்கியது, 2023 ஏப்ரலில் திரும்ப ஏற்றப்பட்டது. நடுவில் எந்த வீடும் அந்த அளவுக்கு இளைக்கவும் இல்லை, பருக்கவும் இல்லை.

வழிகாட்டி மதிப்பு மார்க்கெட் மதிப்பு ஆகாது என்பதை நீதிமன்றங்களும் சொல்லியிருக்கின்றன. 1994-ல் ஆந்திர வழக்கு ஒன்றில், முத்திரைத் தீர்வைக்காக வைத்திருக்கும் மதிப்புப் பதிவேட்டை வைத்து நில எடுப்பு இழப்பீட்டை முடிவு செய்ய முடியாது என்றது உச்ச நீதிமன்றம்.

நில எடுப்பு என்றதும் கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக்காரர்களுக்குப் புரியும். சிப்காட் வந்த ஊர்களில், நிலம் கொடுத்த குடும்பங்கள் எல்லாம் இந்த எண் விளையாட்டைப் பார்த்தவர்கள்தான். 2013-ன் நில எடுப்புச் சட்டம் நிலத்துக்கு விலை போட ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறது. முத்திரைத் தீர்வைக்கான மதிப்பு, அக்கம்பக்கத்தில் மூன்று வருஷத்தில் நடந்த விற்பனைகளில் அதிக விலைக்குப் போன பாதியின் சராசரி, இப்படிச் சட்டம் சொல்லும் கணக்குகளில் எது அதிகமோ அது. நிலத்தின் மேலிருக்கும் வீட்டுக்கு மட்டும் கலெக்டர் ஒரு இன்ஜினியரையோ நிபுணரையோ கூப்பிட்டுக்கொள்ளலாம். அவர் பதிவு பெற்ற மதிப்பீட்டாளராக இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை.

ஆக, ஒரே மண்ணுக்குப் பத்திர ஆபீசில் ஒரு விலை, நில எடுப்பில் ஒரு விலை, பேங்க்கில் ஒரு விலை, வாங்குபவரும் விற்பவரும் திண்ணையில் பேசிய விலை ஒன்று. நாலாவது விலையைத்தான் வாங்குகிறவர் தன் கையிலிருந்து கொடுக்கிறார்.

பேங்க் பிடித்துக்கொண்ட பட்டம்

வீட்டுக் கடன் பரவலான பிறகு பேங்க்குகளுக்கு ஊர் ஊராக ஆள் தேவைப்பட்டது. ரிசர்வ் வங்கி 2007 ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை விட்டது. ஒவ்வொரு பேங்க்கும் தன் போர்டு ஒப்புதலோடு மதிப்பீட்டுக் கொள்கை வைக்க வேண்டும், சொத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லாத சுயேச்சையான மதிப்பீட்டாளர்களின் பேனல் வைக்க வேண்டும், 50 கோடிக்கு மேற்பட்ட சொத்துக்கு இரண்டு தனித்தனி ரிப்போர்ட் வாங்க வேண்டும் என்றது. பேனலுக்கு என்ன தகுதி? அதை பேங்க்கே முடிவு செய்யலாம். செய்யும்போது சொத்து வரிச் சட்டத்தின் 34ஏபி தகுதிகளைக் கவனத்தில் கொள்ளலாம்.

கவனியுங்கள், "கொள்ளலாம்". அரசு வரி வாங்க உருவாக்கிய பட்டம் இப்படித்தான் நம் வீட்டு வாசலுக்கு டேப் எடுத்துக்கொண்டு வந்தது. 50 கோடி சொத்துக்கு இரண்டு பேர் பார்க்கிறார்கள், 24 லட்ச வீட்டுக்கு ஒருவர் போதும். பேங்க்கின் கணக்கில் இது நியாயம்தான், அதன் நஷ்டம் அங்கே பெரியது. ஆனால் 24 லட்ச வீட்டை வாங்குகிறவருக்கு அதுதான் மொத்த வாழ்க்கையின் சேமிப்பு.

எஸ்டேட் டியூட்டி 1985-ல் போனது. சொத்து வரியும் 2016 ஏப்ரலிலிருந்து இல்லை. வரி போன பிறகும் 34ஏபி பதிவு போகவில்லை. வருமான வரியில் அதற்கு ஒரு வேலை மிச்சமிருந்தது. தாத்தா காலத்து வீட்டை விற்றால், 2001 ஏப்ரல் 1 அன்று அதன் மதிப்பு என்ன என்று காட்ட வேண்டும். அதற்கு மதிப்பீட்டாளர் ரிப்போர்ட் வாங்குவார்கள். அதிலும் 2020-ல் ஒரு கடிவாளம் போட்டார்கள். அந்தத் தேதியின் முத்திரைத் தீர்வை மதிப்பு கிடைத்தால், அதைத் தாண்டி எடுத்துக்கொள்ள முடியாது. பட்டம் கொடுத்த அரசே அவர் சொல்லை முழுசாக நம்பவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

புதிய லைசென்ஸ், பழைய ஓட்டை

2017 அக்டோபரில் நிஜமாகவே ஒரு லைசென்ஸ் முறை வந்தது. கம்பெனிகள் சட்டத்தின் 247-ஆம் பிரிவு அமலுக்கு வந்து, இந்திய நொடிப்பு மற்றும் திவால் வாரியம் பதிவு அதிகாரியானது. நிலமும் கட்டடமும் ஒரு வகை, இயந்திரங்கள் ஒரு வகை, பங்குகளும் நிதிச் சொத்துகளும் ஒரு வகை. நிலமும் கட்டடமும் என்றால் பட்டதாரிக்கு 5 வருஷ அனுபவம், முதுகலைக்கு 3 வருஷம். அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் அமைப்பு ஒன்றில் உறுப்பினராகி 50 மணி நேரப் பயிற்சி, பிறகு கம்ப்யூட்டர் தேர்வு. முப்பது வருஷம் தொழில் செய்தவர்களும் 2019 ஜனவரி 31-க்குள் இந்தத் தேர்வை எழுதிப் பதிவு செய்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் கம்பெனி வேலை கிடையாது. நடத்தை விதிகள் உண்டு, மோசடி நோக்கத்தோடு தப்பாக மதிப்பிட்டால் ஒரு வருஷம் வரை சிறை என்று சட்டமே சொன்னது.

நல்ல முறைதான். ஆனால் இது கம்பெனிகள் சட்டத்துக்கும் திவால் சட்டத்துக்கும் தேவைப்படும் மதிப்பீடுகளுக்கு மட்டும். ஒரு தொழிற்சாலை நொடித்துப் போனால் அதன் ஷெட்டுக்கு விலை போடுபவர் தேர்வு எழுதிப் பாஸ் செய்திருக்க வேண்டும். அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்பவர் லோன் போட்டு வாங்கும் வீட்டுக்கு விலை போடுபவருக்கு இந்தச் சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. 2020-ல் ஒரு நிபுணர் குழு இதையெல்லாம் ஒரே குடையின் கீழ் கொண்டுவர, தேசிய மதிப்பீட்டாளர் நிறுவனம் ஒன்றோடு சேர்த்து ஒரு மசோதாவின் வரைவையே எழுதிக் கொடுத்தது. அது வரைவாகவே நின்றது.

அமெரிக்காவில் வேறு வழி. அங்கே 1980-களில் வீட்டுக் கடன் கொடுக்கும் சேமிப்பு நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் கவிழ்ந்தன. ஊதிப் பெருக்கிய மதிப்பீடுகளும் அதற்கு ஒரு காரணம் என்று கண்டு, 1989-ல் ஒரு சட்டம் போட்டு, மாநிலங்கள் மதிப்பீட்டாளர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஒன்று முதல் நாலு குடித்தனம் உள்ள சாதாரண வீடுகளுக்கென்றே தனி லைசென்ஸ் இருக்கிறது. 150 மணி நேரப் படிப்பு, மூத்தவர் ஒருவரின் கீழ் 1,000 மணி நேர வேலை, தேர்வு. அதற்குக் கல்லூரிப் பட்டம்கூடக் கட்டாயமில்லை. அதற்குப் பிறகும் 2008-ல் அங்கே வீட்டுச் சந்தை சரிந்தது, ஆகவே லைசென்ஸ் சர்வரோக நிவாரணி இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே லைசென்ஸ் பிறந்தது வீட்டுக் கடன் கெட்டதால். நம்மிடம் பிறந்தது வரி வசூல் கெட்டதால். அதனால்தான் நம்முடையதில் வீடு வாங்குபவருக்கு இடமே வைக்கப்படவில்லை.

அத்தை மகனுக்குப் பதில்

அவருக்கு நான் சொன்னது இதுதான். வந்தவருக்குப் பெரும்பாலும் 34ஏபி பதிவு இருக்கும், புதிய பதிவும் இருக்கலாம். ஆனால் அவரை உன் வீட்டுக்கு அனுப்பியது அந்த லைசென்ஸ் இல்லை, பேங்க்கின் பேனல். அவர் பதில் சொல்ல வேண்டியது பேங்க்குக்கு. மதிப்பைக் கூட்டிப் போட்டு, கடன் மூழ்கி, மோசடி என்று தெரிந்தால் அவர் பெயர் பேங்க்குகளின் எச்சரிக்கைப் பட்டியலுக்குப் போகும். குறைத்துப் போட்டால் பேங்க்குக்கு நஷ்டம் இல்லை. அதனால் குறைவாகப் போடுவதுதான் அவருக்குப் பாதுகாப்பு. அவர் கெட்டவர் என்பதால் இல்லை, அவர் நிற்கும் இடம் அப்படி.

அடுத்த முறை வீடு வாங்குகிறவர்கள் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே சொந்தச் செலவில் ஒரு பதிவு பெற்ற மதிப்பீட்டாளரை வைத்துப் பாருங்கள். எந்தச் சட்டத்தின் கீழ் பதிவு, எந்த வகைச் சொத்துக்குப் பதிவு என்று கேளுங்கள், ஏனென்றால் இயந்திரத்துக்குப் பதிவு வாங்கியவர் வீட்டுக்கு விலை போடக் கூடாது. பேங்க் ரிப்போர்ட்டின் நகலை எழுத்தில் கேளுங்கள். அதில் எந்த விற்பனைகளோடு ஒப்பிட்டிருக்கிறார்கள், கட்டடத்தின் வயசை எவ்வளவு எடுத்திருக்கிறார்கள், நில அளவு பட்டாவோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தப்பு இருந்தால் அங்கேதான் இருக்கும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அத்தை மகன் சொன்னார்: "பழையனூர்ல அந்த எழுபது பேரு, யாருக்கு வாக்கு கொடுத்தாங்களோ அவன் செத்ததுக்குத்தான் தீயில எறங்கினாங்க. இங்க காசு நான் கட்டுறேன், வாக்கு பேங்க்குக்குக் கொடுக்குறாங்க."

யாரும் தீயில் இறங்க வேண்டாம். ரிப்போர்ட்டில் பேங்க்கின் பெயருக்குப் பக்கத்தில் வீடு வாங்குகிறவரின் பெயரும் இருந்து, இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டிய ஒரு லைசென்ஸ் இருந்தால் போதும்.